அப்பாவின் கறுப்பு வண்டி

அக்கா சின்ன மாடல் கார்களுக்குப் பெயின்ட் அடிப்பதில் கைதேர்ந்தவள். அப்பா ஓட்டிய வண்டியை உள்ளங்கை அளவில் செய்துவிட்டு, வண்ணம் கலக்க உட்கார்ந்தபோது தம்பி வந்து நின்றான்.

"வெள்ளை அடிச்சிடுக்கா. நாளைக்கு என் பொண்ணோட வருங்கால மாமியார் வராங்க. ஸ்கூல் வேன்னு சொல்லிக்கலாம்."

அப்பா காலமெல்லாம் ஓட்டியது பிணவண்டி. "நம்ம வண்டியில ஏறின ஒருத்தரும் குறை சொன்னதில்ல" என்று அவரே சிரிப்பார்.

அக்கா கறுப்பு எனாமல் டப்பாவைத் திறந்தாள். வெறும் கறுப்பு தார் பூசியது போலிருக்கும் என்பதால் துளி நீலம் சேர்த்து, தின்னர் விட்டுப் பால் பதத்துக்குக் கலக்கினாள். அட்டையில் அடித்துப் பார்த்தாள். பிறகு முகமூடியை மாட்டிக்கொண்டு, பெயின்டைப் புகைபோலத் தூவும் ஏர்பிரஷ்ஷை வண்டியின் மேல் சீராக ஓட்டினாள்.

"என் மானத்த வாங்காதக்கா. கேட்டா என்ன சொல்றது?"

"உனக்கு வாய் வரலைன்னா நான் சொல்றேன்."

மறுநாள் கூடத்து மேசையில் வண்டி பளபளத்தது. வந்த அம்மாள் கேட்டார், "இது என்ன வண்டி?"

"பிணவண்டிங்க. எங்கப்பா ஓட்டினது. எங்க ரெண்டு பேரையும் படிக்க வெச்சது இதுதான்" என்றாள் அக்கா.

அந்த அம்மாளின் முகம் சுருங்கியது. "நல்ல காரியம் பேசுற இடத்துல எதுக்கு? உள்ள எடுத்து வெச்சிடலாமே."

தம்பி எழுந்தான். எடுக்கத்தான் போகிறான் என்று அக்கா பல்லைக் கடித்தாள். அவன் வண்டிக்கு முன்னால் போய் நின்றுகொண்டான்.

"பெயின்ட் இன்னும் காயலைங்க. தொட்டா ரேகை பதிஞ்சிடும்."

"காய்ஞ்சாலும் இங்கதாங்க இருக்கும்" என்றாள் அக்கா.