வடிகால் கரைப் பரீட்சை

இரண்டு ஊர் ஆம்பளைகள், ஆளுக்கொரு மண்வெட்டியோடு, கொட்டுகிற மழையில் வடிகாலின் இரு கரையிலும் வரிசையாக நின்று பரீட்சை எழுதினார்கள். மேற்பார்வையாளர் நான். பத்தாயிரம் பேர் என்பது நான் அடக்கமாகச் சொல்லும் கணக்கு. ஒருத்தர்கூடப் பாஸாகவில்லை.

இதைச் சொன்னால் டீக்கடையில் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். வேதாரண்யம் வண்டியில் ஆயுசு முழுக்கக் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். ஐம்பது பேர் ஏறினால் நூறு பேர் என்றுதான் டிரைவரிடம் சொல்வேன், பள்ளத்தில் பார்த்து இறக்குவான் என்று. அந்தப் பழக்கம் போகவில்லை. ஊருக்கே தெரியும்.

ஆனால் அப்போது எங்கள் வடகரை இராஜாங்கம் மட்டும் சிரிக்கவில்லை. டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, "அப்படி ஒண்ணு நடக்கவே இல்ல, கண்டக்டரே" என்றார். ஒரு வார்த்தை கூட்டிப் பேசாத மனிதர். அவர் இல்லை என்றால் ஊருக்கு இல்லைதான். அந்த ஒரு வாக்கியத்தால் ஷமீரா என்கிற பெண் டீச்சர் ஆகாமலே போகப் பார்த்தாள்.

ஷமீரா முத்துப்பேட்டைப் பெண். வாப்பா கத்தாரில் ஒரு கடையில் வேலை. பி.எட். படிப்பில் பயிற்சிக்காக எங்கள் உயர்நிலைப் பள்ளிக்கு வந்திருந்தாள். வடகரைப் பிள்ளைகளும் தென்கரைப் பிள்ளைகளும் பாலத்தைத் தாண்டி வந்து ஒரே பெஞ்சில் உட்காரும் பள்ளி அது. பயிற்சி முடிந்ததும் தலைமையாசிரியர் கையெழுத்துப் போட வேண்டும். போடாவிட்டால் வருஷம் போச்சு. இன்னொரு வருஷம் படிக்க வைக்க வாப்பாவுக்கு மனசும் இல்லை, தெம்பும் இல்லை என்று அவளே எங்கள் வீட்டில் காபி குடிக்கும்போது சொன்னாள்.

கல்லூரியில் அவளுக்கு இரண்டு வேலை கொடுத்திருந்தார்கள். ஒன்று, உலகத்தில் எந்தெந்த நாட்டில் எப்படி எப்படிப் பள்ளிக்கூடம் நடக்கிறது என்று பார்த்து எழுதுவது. அதற்காக அவள் பின்லாந்தைப் படித்தாள், ஜப்பானைப் படித்தாள், தன் மாமா ஓதிய மதரஸாவைப் படித்தாள், என்னைக்கூடப் படித்தாள். நான் எந்த வகுப்பில் எத்தனை தடவை பெஞ்சு மேல் ஏறினேன் என்று கேட்டாள். நான் கொஞ்சம் கூட்டித்தான் சொன்னேன். எல்லா ஊர்ப் படிப்பையும் பார்த்துவிட்டு அவள் கண்டுபிடித்தது ஒன்றுதான். காதில் விழுந்ததைத் திருப்பிச் சொல்ல எல்லா இடத்திலும் பழக்குகிறார்களாம். விழாததை யோசிக்கச் சில இடத்தில்தான் பழக்குகிறார்களாம்.

இரண்டாவது வேலை, டிவியிலும் போனிலும் வருகிற செய்திகளைப் பிரித்துப் பார்க்கப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பது. இங்கேதான் வந்தது வினை.

கார்த்திகை மாசம். அடைமழை நிற்கவேயில்லை. நட்ட பயிர் தலை மட்டும் தெரிய முங்கிக் கிடந்தது. இரண்டு ஊருக்கும் நடுவில் ஓடும் வடிகால், கரையை நக்கிக்கொண்டு போனது. இப்படித் தண்ணீர் ஏறினால் எங்கள் பக்கத்தில் ஒரு பயம் உண்டு. ஒரு கரையை வெட்டிவிட்டால் தண்ணீர் அந்தப் பக்கம் பாய்ந்துவிடும், எதிர்க்கரைப் பயிர் பிழைத்துவிடும். அதனால் எந்த ஊருக்கும் எதிர் ஊர் மேல் ஒரு கண் இருக்கும். பெண் கொடுத்து எடுத்த ஊர்தான். மழை விடும்வரைக்கும் சம்பந்தி கிடையாது, ஒன்றும் கிடையாது.

இந்த நேரம் பார்த்து ஷமீரா எட்டாம் வகுப்புப் பெற்றோர் வாட்ஸ்அப் குரூப்பில் ஒரு வாய்ஸ் போட்டாள். எந்த வருஷத்திலோ எந்த ஜில்லாவிலோ சுற்றிய பழைய வாய்ஸ். ஒரு ஆள் மூச்சு வாங்க வாங்கப் பேசுகிறான். பின்னால் காற்று ஊளையிடுகிறது. "கரைய வெட்ட வர்றாங்கப்பா. மண்வெட்டியோட கெளம்பிட்டாங்க. எல்லாரும் வடிகாலுக்கு வாங்க. சீக்கிரம் வாங்க." அவ்வளவுதான். அதற்குக் கீழே தனியாக ஒரு வரி எழுதியிருந்தாள்: இந்தச் செய்தியில் என்ன இல்லை என்று பெற்றோரோடு சேர்ந்து கேட்டு எழுதி வரவும்.

வீட்டுப்பாடம். அதுவும் வெள்ளிக்கிழமை சாயங்காலம்.

நம் ஆட்களைப் பற்றிச் சொல்ல வேண்டுமா. கீழே எழுதியிருந்த வரியை யாரும் பார்க்கவில்லை. வாய்ஸை மட்டும் அமுக்கி அடுத்த குரூப்புக்குத் தள்ளினார்கள். இராஜாங்கம் மகள் தமிழ்நிலா அந்த வகுப்புதான். போன் அவரிடம் இருந்தது. கேட்டார், தள்ளினார், எழுந்தார். எனக்கு வந்ததும் அவரிடமிருந்துதான். அதே நேரம் தென்கரையில் புகழேந்தி, எங்கள் ஊரில் பெண் எடுத்தவன், அவனும் கேட்டு, தள்ளி, எழுந்திருக்கிறான். அந்தப் பக்கமும் பிள்ளைகள் எட்டாவது படிக்கிறார்கள் இல்லையா.

கரண்ட் போனது. கொஞ்ச நேரத்தில் டவரும் போனது. அதற்குமேல் யாரும் யாரையும் கூப்பிட்டுக் கேட்க முடியாது. எங்கள் தெருவில் கதவுகள் ஒவ்வொன்றாகச் சாத்துகிற சத்தம் கேட்டது. பெண்கள் மாட்டை உள்ளே இழுத்துக் கட்டினார்கள். யாரும் கத்தவில்லை. கத்தியிருந்தால் எனக்கு இவ்வளவு பயம் வந்திருக்காது. உரச்சாக்கை மடித்துத் தலையில் கொங்காணி போட்டுக்கொண்டு ஆட்கள் ஒவ்வொருவராக இறங்கி, பேச்சே இல்லாமல் தெற்கே வடிகாலைப் பார்த்து நடந்தார்கள். சாக்குக்குள் முகம் தெரியவில்லை. கூடவே வளர்ந்தவனைக்கூட யாரென்று எனக்கு அடையாளம் தெரியவில்லை. இராஜாங்கத்தை மட்டும் நடையால் தெரிந்தது. மண்வெட்டி தோளில் இருந்தது. சாக்குக்கு அடியில் இன்னொன்றும் இருந்தது. அது வளைந்த பொருள் என்று மட்டும் சொல்லி வைக்கிறேன்.

நான் வேடிக்கை பார்க்கத்தான் போனேன். சட்டைப் பையில் என் பழைய விசில். அது இல்லாமல் நான் குளிக்கக்கூடப் போவதில்லை என்று வீட்டில் புகார்.

பொழுது மங்குகிற நேரம். எங்கள் ஆட்கள் கரையேறி நின்று எதிரே பார்த்தார்கள். தென்கரையிலும் சாக்கு போர்த்திய உருவங்கள் வரிசையாக ஏறி நின்றன. தோளில் மண்வெட்டி.

"சொன்னான்ல, வந்துட்டானுவ" என்று எங்கள் பக்கம் யாரோ மெல்லச் சொன்னார்கள். அந்தக் கரையிலும் யாரோ அதையேதான் சொல்லியிருப்பார்கள். காப்பாற்ற வந்தவனை வெட்ட வந்தவனென்று இரு பக்கமும் கண்ணால் பார்த்தாகிவிட்டது. இதற்குமேல் சாட்சி வேண்டுமா? நடுவில் தண்ணீர் மட்டும் இருட்டாக, சத்தமில்லாமல் ஓடியது. ஒரு செத்த கோழி சுழன்று சுழன்று போனது. இரண்டு வரிசையும் பாலத்தைப் பார்த்து நகர ஆரம்பித்தன.

பாலத்து நடுவில் ஒரு குடை நின்றது. ஷமீரா. குரூப்பில் போட்டது எங்கெல்லாம் போனது என்பது அவள் காதுக்கும் எட்டியிருக்கிறது. பள்ளிக்கூடத்திலிருந்து ஓடி வந்திருக்கிறாள், செருப்பு ஒரு காலில்தான் இருந்தது. ஏதோ கத்தினாள். மழையில் ஒன்றும் கேட்கவில்லை. யாரும் நிற்கவுமில்லை. இன்னும் பத்தடி போனால் அந்தக் குடை இரண்டு வரிசைக்கும் நடுவில் நசுங்கிப் போகும்.

விசிலை எடுத்து ஒற்றையாக ஒரு ஊது ஊதினேன். இந்தப் பக்கத்தில் என் வண்டியில் போகாத ஆள் கிடையாது. ஒற்றை விசில் என்றால் நிற்பது என்பது அவர்களுக்கு எலும்பில் ஊறினது. நின்றார்கள். வடிகால் தண்ணீரே ஒரு நொடி நின்றது என்று சொல்வேன், நீங்கள் நம்ப வேண்டாம்.

அந்த அமைதியில் அவள் குரல் கேட்டது. நடுக்கமாகத்தான் இருந்தது.

"அந்த வாய்ஸைப் போட்டது நான்தாங்க."

கொங்காணிகள் எல்லாம் அவள் பக்கம் திரும்பின. அந்தத் திரும்பலைத்தான் இன்றைக்கும் நான் கனவில் பார்க்கிறேன். எதிரியைப் பார்த்துக்கொண்டிருந்த இரண்டு ஊரும் இப்போது ஒரு பெண்ணைப் பார்த்தன.

முன்னால் நின்ற இராஜாங்கத்தைப் பார்த்து அவள் கேட்டாள். "ஐயா, யாரு வெட்ட வர்றதா அதுல சொல்லுது?"

"தென்கரைக்காரன்."

எதிரே புகழேந்தி, "வடகரைக்காரன்னுதான் சொல்லுது" என்றான்.

"போட்டுக் கேளுங்க" என்றாள்.

இராஜாங்கம் சாக்குக்குள் கைவிட்டுப் போனை எடுத்தார். புகழேந்தியும் எடுத்தான். அப்புறம் பின்னால் நின்றவர்கள். டவர் இல்லாவிட்டாலும் வந்த வாய்ஸ் போனுக்குள்ளேயே இருந்ததே. இரண்டு கரையிலும் சாக்குக்குள் சாக்குக்குள் சின்னச் சின்ன வெளிச்சம். அந்த ஆளின் மூச்சிரைப்பு முன்னும் பின்னுமாக வடிகால் நெடுகக் கிளம்பியது. வர்றாங்கப்பா, வர்றாங்கப்பா, சீக்கிரம் வாங்க, சீக்கிரம். யாரோ ஒருவன் செத்துப்போய் அத்தனை பேர் வாயிலும் புகுந்து பேசுகிற மாதிரி. கேட்டு முடித்தவர்கள் மறுபடி போட்டார்கள். மூன்றாந்தரம் போட்டார்கள். அதில் ஊர்ப் பெயர் இல்லை. ஆற்றுப் பெயர், ஆள் பெயர், நாள், ஒன்றுமே இல்லை.

"பேரு வச்சது நீங்கதாங்க" என்றாள் ஷமீரா. "கேள்வியைத் தனியா அனுப்பினது என் தப்பு."

யாரும் கட்டிப்பிடித்துக்கொள்ளவில்லை. முதுகைக் காட்டாமல், பின்பக்கமாகவே நடந்து, ஒவ்வொருவராக இருட்டில் கரைந்தார்கள். அவ்வளவுதான் பரீட்சை.

அடுத்த நாள்தான் உண்மையான பயம். வதந்தி பரப்பினார் என்று யாரோ ஷமீரா மேல் கல்லூரிக்கு மனுப் போட்டுவிட்டார்கள். விஷயம் முற்றிப் போலீஸ் வந்தால் கரைக்குப் போனவன் மேலெல்லாம் கேஸ் வரும். கேஸ் வந்தால் அந்த வீட்டில் பாஸ்போர்ட் போச்சு. இங்கே வீட்டுக்கொரு பிள்ளை வெளிநாட்டுக்குக் கிளம்பிக்கொண்டிருக்கிறான். இராஜாங்கத்தின் மகன் சேரனுக்கு சிங்கப்பூர் வேலை, பாஸ்போர்ட் விசாரணை பாக்கி. இரண்டு ஊரும் கலந்து பேசாமலேயே ஒரே முடிவுக்கு வந்தன. யாரும் கரைக்குப் போகவில்லை. ஒன்றுமே நடக்கவில்லை. முந்தின நாள் வெட்டிக்கொள்ள நின்றவர்கள், இதில் அப்படி ஒரு ஒற்றுமை. நான் டீக்கடையில் வாயைத் திறந்தால் எல்லார் கண்ணும் என் மேல் ஊர்ந்தது. பால் பாத்திரத்தை வைத்துவிட்டுப் போகிறவன்கூட வாசலில் நின்று, "வயசாச்சு, பாத்துப் பேசுங்க கண்டக்டரே" என்று சொல்லிவிட்டுப் போனான்.

கல்லூரியிலிருந்து ஒரு பேராசிரியை அம்மா விசாரிக்க வந்தார். பள்ளி ஹாலில் இரண்டு ஊர்ப் பெற்றோரும் உட்கார்ந்திருந்தார்கள். ஷமீரா ஓரமாக நின்றாள். மனுவில் இருப்பது சரிதான், வாய்ஸைப் போட்டது இந்தப் பெண்தான் என்று தலைமையாசிரியர் சொன்னார். அது ஒன்றுதான் அங்கே எல்லாரும் ஒத்துக்கொண்டது.

நான் எழுந்து, பாலத்தில் நின்று இரண்டு ஊரையும் தடுத்தவளும் இந்தப் பெண்தான் என்றேன். எத்தனை பேர் என்று அம்மா கேட்டார். வாய் கேட்கிறதா? பத்தாயிரம் என்றேன். தண்ணீர் நின்றதையும் சொல்லிவிட்டேன். ஹாலில் ஒரு சிரிப்பு. அம்மா பேனாவை மூடினார். அந்த நிமிஷம் என் நாக்கை நானே கடித்துத் துப்பியிருப்பேன்.

"அங்க யாரு இருந்தாங்கன்னு நீயே சொல்லும்மா" என்று ஷமீராவிடம் கேட்டார். "நீ தடுத்ததுக்குச் சாட்சியா ஒரு பேரு சொன்னாப் போதும். இல்லன்னா உன் மேல இருக்கிறது மட்டும்தான் மிஞ்சும்."

அவள் எதிரே இராஜாங்கம் உட்கார்ந்திருந்தார், பக்கத்தில் சேரன். அன்றைக்கு முன்னால் நின்றது அவர்தான் என்று அவளுக்கு நன்றாகத் தெரியும். அவர் முகத்தைப் பார்த்தாள், சேரன் முகத்தைப் பார்த்தாள்.

"மழையா இருந்துச்சு மேடம். சாக்கு போட்டிருந்தாங்க. யாரையும் எனக்குத் தெரியலை."

அம்மா, அப்போ யாரும் இல்லை என்று எழுதிக்கொள்கிறேன் என்றார். தலைமையாசிரியர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். பேனா திறக்கிற சத்தம் எனக்குக் கேட்டது.

நாற்காலி ஒன்று தரையில் கிறீச்சிட்டது. இராஜாங்கம் எழுந்து நின்றார். சேரன் அவர் சட்டையைப் பிடித்து இழுத்தான். தட்டிவிட்டார்.

"எழுதாதீங்கம்மா" என்றார். "கண்டக்டர் சொன்னது நடந்துச்சு. நான் முன்னால நின்னேன். கையில அருவா இருந்துச்சு."