எல்லாக் காலும் சேர்ந்தால் ஒன்று

"இந்தப் பூனையோட எல்லாக் காலையும் சேர்த்தா எவ்வளவு?" என்று டீச்சர் கேட்டார்.

என் மகள் படத்தை ஒரு பார்வை பார்த்தாள். "ஒண்ணு."

நர்சரிப் பள்ளியின் அலுவலக அறை அது. சின்ன மேஜை, அதைவிடச் சின்ன நாற்காலிகள். முழங்கால் முகவாயில் இடிக்க நான் ஒரு நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். பஸ் ஓட்டுகிறவளுக்கு இப்படி மடங்கி உட்காருவது பெரிய தண்டனை. கணவர் வரவில்லை. அவர் வீட்டிலேயே கேக் செய்து கடைகளுக்கும் விசேஷங்களுக்கும் கொடுக்கிறவர். அன்று ஓவன் அடுப்பில் கேக் இருந்தது, அதை விட்டுவிட்டு வர முடியாதாம்.

"நல்லா பாத்துச் சொல்லும்மா" என்றார் டீச்சர், கனிவாகவே.

"நல்லாத்தான் பாத்தேன். ஒண்ணு."

"சரி, இது என்ன, முக்காலி. இதோட காலெல்லாம் சேர்த்தா?"

"முக்கால்."

"ஆமாம்மா, முக்காலிதான். அதோட கால் எவ்வளவு?"

"அதான், முக்கால்!" என்று கத்தினாள் என் மகள். வீட்டில் அவளுக்கு வாலு என்று பெயர். அந்தப் பெயரைக் காப்பாற்றுவதில் அவள் ஒரு நாளும் குறை வைத்ததில்லை.

டீச்சர் என்னைப் பார்த்தார். என் முகத்தில் ஈயாடவில்லை.

"பயப்படாதீங்க. வீட்ல ரெண்டு வாரம் எண்ணிக்கை மட்டும் கொஞ்சம் சொல்லிக் குடுங்க. திரும்பக் கூட்டிட்டு வாங்க, பாப்போம். இல்லன்னாலும் பரவாயில்ல, சின்னப் பிள்ளைங்க வகுப்புல ஒரு வருஷம் இருக்கட்டும்."

பரவாயில்லையாமே. எனக்கு அப்படி இல்லை. வாலுவைவிட ஒரு வயது குறைந்த பிள்ளைகளோடு அவள் மூக்கொழுகிக்கொண்டு உட்கார்ந்திருக்கிற காட்சி வீடு வரும் வரை கண்ணுக்குள்ளேயே நின்றது.

வீட்டுக்குள் நுழைந்ததும் ஆரம்பித்தேன். வீட்டிலும் ஹாரன் அடிக்கிறேன் என்று கணவர் சொல்வதுண்டு. அன்று அடித்தது நெடுஞ்சாலை ஹாரன்.

"பூனைக்கு ஒரு காலாம்! நாள் முழுக்க உங்ககூடத்தானே இருக்கா? என்னதான் சொல்லிக் குடுக்கறீங்க?"

"எல்லாம்தான்" என்றார் அவர், கிரீம் பூசுவதை நிறுத்தாமல்.

"எல்லாம்னா?"

"மாவு சலிக்கிறா. முட்டை உடைக்கிறா. கிண்ணத்தை நக்குறா."

"நக்கறதுக்குப் பாடம் வேணுமா? நான் வாங்கிக் குடுத்த அட்டைங்க எங்க?"

எண்களும் படங்களும் போட்ட அந்த அட்டைக் கட்டு, ஆடுகிற மேஜையின் காலுக்கு முட்டுக் கொடுக்கப்பட்டிருந்தது. கீழே குனிந்து அதை உருவினேன். மேஜை ஆடியது, கிரீம் கோணலாகப் போனது. அவர் ஒரு பெருமூச்சு விட்டார். அந்தப் பெருமூச்சுதான் எனக்கு ஆகாது.

"நாளைலேர்ந்து நானே பாத்துக்கறேன்" என்று ஒற்றைக் காலில் நின்றேன்.

டிப்போ மேனேஜரிடம் விடுப்புக் கேட்டேன். தேவைப்பட்டால் வேலையையே விட்டுவிடுவேன் என்றும் வாய் தவறிச் சொல்லிவிட்டேன். மனிதர் உடனே பிடித்துக்கொண்டார். "விடறதா இருந்தா வெள்ளிக்கிழமைக்குள்ள சொல்லிடுங்க. உங்க ரூட்டுக்கு ஆள் போடணும்." என் ரூட் ரயில் நிலையத்திலிருந்து பெரிய ஆஸ்பத்திரி வரை. அதற்காக எத்தனை பேர் நாக்கைத் தொங்கப் போட்டுக்கொண்டு காத்திருந்தார்கள் என்பது எனக்குத் தெரியும். ஆனால் பெற்றவள் பஸ்ஸா பிள்ளையா என்று பார்க்க முடியுமா?

மறுநாள் காலை வாலுவை நாற்காலியில் உட்கார வைத்து அட்டைகளை எடுத்தேன். ஒன்று, ஆப்பிள். இரண்டு, வாத்து. மூன்று, பந்து. முதல் நாள் ஆசையாக உட்கார்ந்தாள். "வாத்து ஏன் சிரிக்குது?" என்று கேட்டாள். "அது கிடக்கட்டும், எத்தனை வாத்து?" என்றேன். "பந்துக்குள்ள என்ன இருக்கு?" என்றாள். "காத்து. எத்தனை பந்து?" என்றேன். அடுத்த நாள் கேள்விகள் குறைந்தன. அதற்கடுத்த நாள் கேள்வியே இல்லை. கட்டிய கையைப் பிரிக்காமல், கேட்டதற்கு மட்டும் பதில் சொன்னாள். எல்லாம் சரியான பதில்கள். பாராட்டலாம் என்று தலையைத் தடவினேன்.

"சரி டீச்சர்" என்றாள்.

விளையாட்டுக்குச் சொல்லவில்லை, வாய் தவறி வந்துவிட்டது. அவளுக்கே அது தெரியவில்லை. எனக்குத்தான் பகீரென்றது.

அதை எப்படி எடுத்துக்கொள்வது என்று தெரியாமல், "போ, போய் விளையாடு" என்றேன். அவிழ்த்து விட்ட கன்றுக்குட்டி மாதிரி சமையலறைக்கு ஓடினாள். நான் வெளியே நாற்காலியில் உட்கார்ந்து அட்டைகளை அடுக்கிக்கொண்டிருந்தேன். உள்ளேயிருந்து பேச்சுக் கேட்டது.

"சின்ன கப்பு எடு. இது என்ன கப்பு?"

"கால் கப்பு!"

"போடு. ஒரு கால். ரெண்டு கால் போட்டா?"

"அரை!"

"மூணாவது?"

"முக்கால்!"

"இன்னும் ஒண்ணு போடு. இப்ப எல்லாக் காலையும் சேர்த்தா எவ்வளவு?"

"ஒண்ணு!"

என் கையிலிருந்த அட்டைகள் தரையில் கொட்டின. டீச்சர் கேட்டதும் இதே கேள்வி, எழுத்துப் பிசகாமல் இதே கேள்வி. பூனைக்கு நாலு கால், ஆகவே ஒன்று. முக்காலிக்கு மூன்று கால், ஆகவே முக்கால். என் பிள்ளை பூனையை எண்ணிவிட்டு, அப்பன் கேட்கிற வழக்கப்படி கூட்டியும் சொல்லியிருக்கிறாள்!

சமையலறைக்குள் ஓடிப் போய் மாவு மூட்டை மேல் பொத்தென்று உட்கார்ந்தேன். சிரிப்பை அடக்கவே முடியவில்லை. விஷயத்தைச் சொன்னதும் கணவர் கரண்டியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். எதற்குச் சிரிக்கிறோம் என்று தெரியாமலே வாலு எங்கள் இரண்டு பேரையும்விடச் சத்தமாகச் சிரித்தாள். போனில் டீச்சரிடம் சொன்னேன். அவரும் சிரித்துத் தீர்த்தார்.

"ஐயோ, கூட்டச் சொன்னது நான்தானே! எண்ணச் சொல்லியிருக்கணும். அவளைத் திரும்பக் கூட்டிட்டு வர வேண்டாங்க, பெரிய வகுப்புலயே சேத்துக்கறேன். அவங்க அப்பா எங்க வாத்தியாரு?"

"கேக் போடறாருங்க."

"அப்ப ஒரு நாள் கேக்கோட வரச் சொல்லுங்க."

பள்ளி விஷயம் அத்தோடு முடிந்தது. நான் துள்ளிக் குதித்திருக்க வேண்டும். ஆனால் நெஞ்சுக்குள் ஏதோ முள் மாதிரி குத்திக்கொண்டே இருந்தது. உள்ளதைச் சொல்லிவிடுகிறேனே, பொறாமை. கால், அரை, முக்கால் எல்லாம் அவர் சொல்லிக் கொடுத்தது. சூடான தட்டு எது, ஆறின தட்டு எது, மாவு எப்போது உப்பும், எல்லாமே அவர். நான் என்ன கொடுத்தேன்? விடியும் முன் கிளம்பிப் போகிறேன். அலுத்துச் சலித்து வருகிறேன். சாப்பிடும்போது அன்றைக்கு யார் ஏறினார்கள், யார் இறங்கினார்கள், யார் சண்டை போட்டார்கள் என்று புலம்பித் தீர்க்கிறேன். பிறகு தூக்கம். பிள்ளை வளர்ப்பதா இது? வீட்டிலேயே இருந்துவிட்டால் எனக்கும் ஒரு பங்கு கிடைக்குமே என்று மனம் கணக்குப் போட்டது.

வெள்ளிக்கிழமையும் வந்தது. மாலைக்குள் மேனேஜருக்குச் சொல்லியாக வேண்டும். போனைக் கையில் எடுப்பதும் வைப்பதுமாக இருந்தேன்.

கூடத்தில் வாலு நாற்காலிகளை ஒன்றன் பின் ஒன்றாகப் போட்டு பஸ் ஓட்டிக்கொண்டிருந்தாள். "இறங்கறவங்க முதல்ல! ஏறறவங்க அப்புறம்! சார், கண்ணாடியைப் பாத்துப் பிடிங்க, எல்லாரும் தலை சீவுறாங்க!" போன மாதம் ஒருவர் ஆளுயரக் கண்ணாடியோடு என் பஸ்ஸில் ஏறினார். சாப்பிடும்போது நான் சொன்ன கதை அது. "அடுத்து மார்க்கெட்! அதுக்கு அடுத்து பாலம்! வலது பக்கம் திரும்பறோம், எல்லாரும் இடது பக்கம் சாய்வீங்க, பிடிச்சுக்கங்க!" ஆஸ்பத்திரி வரை ஒரு நிறுத்தம் தப்பவில்லை. எந்தக் கை வலது, எந்தக் கை இடது என்று அவளுக்கு நான் எந்த அட்டையையும் காட்டியதில்லை.

கதவோரம் நின்று பார்த்தேன்.

பஸ் திடீரென்று நின்றது. வாலு என் பக்கம் திரும்பினாள்.

"அம்மா, இன்னிக்கு யாரு ஏறுனாங்க?"

"இன்னிக்கு அம்மா பஸ் ஓட்டப் போகலையே கண்ணு."

"நேத்தும் போகல."

"ஆமா. இனிமே வீட்லயே இருக்கலாமான்னு பாக்கறேன். உன்கூடவே."

சந்தோஷப்படுவாள் என்று நினைத்தேன். அவள் காலி நாற்காலிகளைத் திரும்பிப் பார்த்தாள்.

"அப்ப என் பஸ்ல புதுசா யாருமே ஏற மாட்டாங்களா?"

சமையலறை வாசலில் நின்ற கணவரும் கேட்டிருப்பார் போலிருக்கிறது. போனை எடுத்து என் கையில் வைத்தார்.

"சார், நான்தான். திங்கக்கிழமை வர்றேன். ஆமா, என் ரூட்டுக்குத்தான். யாரையும் போட்டுடாதீங்க."

மேனேஜர் ஏதோ முணுமுணுத்தார். பாதியிலேயே வைத்துவிட்டேன்.

"அம்மா, திங்கக்கிழமை ஒரு ஆட்டை ஏத்திட்டு வா" என்றாள் வாலு.

"ஆடெல்லாம் பஸ்ல ஏறக் கூடாதுடி."

"ஏன் கூடாது?"

வாத்து ஏன் சிரிக்குது என்று கேட்டதற்குப் பிறகு அவள் என்னிடம் கேட்ட முதல் 'ஏன்'. பதில் எனக்கே சரியாகத் தெரியவில்லை. டிப்போவில் கேட்டுக்கொண்டு வந்து சொல்கிறேன் என்றேன்.