முனை மேலே பார்த்த பட்டைகள்

போர் நினைவுச்சுவரில் பெயர் வெட்டும் முன் ஒவ்வொருவருடைய பதவியையும் உறுதி செய்வதுதான் ராணுவ அருங்காட்சியகத்தில் என் வேலை. பதிவேடுகள் தீயில் போன படைப்பிரிவுகளுக்குப் புகைப்படம் மட்டுமே ஆதாரம். தோளில் நட்சத்திரமா, கையில் பட்டையா, தொப்பியில் சிங்கமா கழுகா என்று லென்ஸ் வைத்துப் பார்த்து எழுதுவேன். அலுவலகத்தில் எனக்குப் பெயரே பூதக்கண்ணாடி.

ஒரு நாள் ஓர் அம்மா கொண்டுவந்த படத்தில் அவருடைய கணவர் ஸ்டுடியோ நாற்காலியைப் பிடித்தபடி நெஞ்சை நிமிர்த்தி நின்றார். சட்டைக் கையில் அம்புமுனை வடிவத்தில் மூன்று பட்டைகள்.

"சார்ஜென்ட் ஆன எட்டாம் நாள் எடுத்தது, தம்பி. லீவு முடிஞ்சு போனவர்தான், திரும்பல. சுவத்துல வெறும் சிப்பாய்னு போட்டுடாதீங்க. அவருக்கு மூக்குக்கு மேல கோபம் வரும்."

லென்ஸை வைத்துப் பார்த்தேன். பட்டைகளின் முனை மேலே பார்த்தது. அந்தப் படையில் சார்ஜென்ட்டின் பட்டை கீழே பார்க்கும். மேலே பார்த்தால் அது பதவியே இல்லை. தண்டனை வாங்காத சிப்பாய்க்கு மூன்று வருடத்துக்கு ஒன்றாகத் தரும் நன்னடத்தைப் பட்டை.

"இதை யாரும்மா தைச்சது?"

"நான்தான்! பட்டைய உறையில போட்டுக் குடுத்தாங்களாம். அவர் குளிச்சிட்டு வர்றதுக்குள்ள தைச்சு முடிச்சிட்டேன். கூரை மாதிரி லட்சணமா இருக்கட்டும்னு முனைய மேல வெச்சேன்."

"அவர் ஒண்ணும் சொல்லலையா?"

"பாத்துட்டு விழுந்து விழுந்து சிரிச்சார். ஏன்னு கேட்டா, 'ஜோரா இருக்கு, வா, படம் எடுக்கலாம்'னார்."

"பதவி உயர்வு உத்தரவு?"

"சட்டைப் பையிலயே வெச்சிருந்தார். அவரோட போச்சு."

படத்தை மேலதிகாரியிடம் எடுத்துப் போனேன்.

"சார், மனைவி தலைகீழாத் தைச்சுட்டாங்க."

"அப்படின்னு படத்துல எழுதியிருக்கா? எத்தனை வருஷ சர்வீஸ்?"

"ஒன்பது."

"மூணு பட்டை. கச்சிதமா பொருந்துதே! கதை கேட்டு எழுத ஆரம்பிச்சா, சுவர் முழுக்க ஜெனரல்தான்யா இருப்பான். போ, பக்குவமா சொல்லு."

பக்குவமாகத்தான் சொன்னேன். எந்தப் பக்குவமும் உதவவில்லை. அவர் தன் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"சிரிச்சாரே..." என்றார். "ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நிமிஷத்துல பிரிச்சுத் தைச்சிருப்பேனே."

பிறகு மேஜைமேல் இருந்த படத்தை மெல்லச் சுற்றி, எனக்குத் தலைகீழாகத் தெரியும்படி வைத்தார். சார்ஜென்ட் நாற்காலியோடு தலைகீழாகத் தொங்கினார். மூன்று முனைகளும் கீழே பார்த்தன.

"இப்ப சரியா இருக்கா, தம்பி?"

"இருக்கும்மா."

"அப்ப இப்படியே பாத்து எழுதுங்களேன்."

பேனாவை எடுத்தேன். பதவி என்ற கட்டத்தில் 'சிப்பாய்' என்று எழுதினேன். எதிரே இருந்த அவருக்கு என் எழுத்து தலைகீழாகத்தான் தெரிந்திருக்கும். ஆனாலும் படித்துவிட்டார்.