திவானைச் சுட்டது நியாயமா

எங்கள் ஊரில் திவானைச் சுட்டுக் கொன்றது நியாயமா இல்லையா என்பதை வருடாவருடம் பங்குனித் திருவிழாப் பட்டிமன்றத்தில் முடிவு செய்வார்கள். நியாயம் என்று தீர்ப்பானால், சுட்டதற்காகத் தூக்கில் போடப்பட்ட என் அப்பா கொம்பையா அந்த ஒரு வருடம் உயிரோடு இருப்பார். அநியாயம் என்றால் திவான் இருப்பார்.

மூன்று வருடமாகத் திவான்தான் இருந்தார். காலையில் கால்வாய்க் கரையில் நடைபோவார். அந்தக் கால்வாயை வெட்டியவர் அவர். ஊர் சோறு தின்பது அதனால்தான். தண்ணீர்த் தீர்வை கட்டமாட்டோம் என்று அதே கரையில் உட்கார்ந்தவர்களைச் சுடச் சொன்னவரும் அவர். செத்தவர்களில் என் அம்மாவும் ஒருத்தி. எதிரில் வந்தால் நான் வணக்கம் சொல்லியாக வேண்டும். சொன்னேன்.

தங்கை பேச்சி, அப்பா இல்லாமல் கழுத்தை நீட்டமாட்டேன் என்று கல்யாணத்தைத் தள்ளிக்கொண்டே வந்தாள். இந்த வருடத்தோடு சரி என்று மாப்பிள்ளை வீட்டார் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்கள். அதனால் பட்டிமன்ற நடுவர் புலவர் ஞானசிகாமணியைப் போய்ப் பார்த்தேன்.

“ஐயா, இந்த வருசம் எங்கப்பா பக்கம் சொல்லுங்க. தங்கச்சி கல்யாணம் நிக்கி.”

“கொம்பையா மேல எனக்கென்ன தம்பி கோவம்? ஆனா யாரும் மனசு கோணாம எந்திரிச்சுப் போகணும்லா?” என்றார்.

பட்டிமன்றம் களை கட்டியது. அப்பாவுக்காகப் பேசியவர், அம்மா குண்டு பட்டு விழுந்ததை ஒரு மாமியார் மருமகள் சண்டையோடு சேர்த்துச் சொன்னார். பந்தலே சிரித்தது. முன்வரிசையில் திவானும் சிரித்தார். பேச்சி முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டிருந்தாள்.

நடுவர் எழுந்தார். சுடச் சொன்னவரும் ஊருக்காகத்தான் சொன்னார், அவரைச் சுட்டவரும் ஊருக்காகத்தான் சுட்டார், இருவர் மேலும் தப்பில்லை என்றார். அப்படியொரு கைதட்டலை நான் கேட்டதில்லை.

ஆகவே திவான் போகவில்லை. அப்பாவும் வந்துவிட்டார். தூக்கில் போட்ட வயதிலேயே இருந்தார், என்னைவிட இளையவராக.

அடுத்த முகூர்த்தத்தில் கல்யாணம் நடந்தது. திவான் தாலியை எடுத்துக் கொடுத்தார். பந்தியில் இருவரும் பக்கத்துப் பக்கத்து இலையில் உட்கார்ந்தார்கள். திவானுக்கு இன்னொரு அப்பளம் வைக்கும்படி அப்பா என்னிடம் சொன்னார். அப்பாவை ஓங்கி அறையவேண்டும் போலிருந்தது. அப்பளத்தை வைத்தேன்.

பாயசம் வரும்போது இன்ஸ்பெக்டர் வந்தார்.

“தீர்ப்புப்படி இவங்க ரெண்டு பேர் மேலயும் தப்பில்ல. அப்ப இத்தனை சாவுக்கும் கரையில உக்காந்தவங்கதான் பொறுப்பு. எல்லாரையும் கைது பண்ணச் சொல்லி உத்தரவு. ஒங்க அம்மைய எங்க பொதைச்சிருக்கு?”

பேச்சி மாலையைக் கழற்றிக் கீழே வைத்தாள்.

அப்பா இலையை மடித்தார். கையைக் கழுவினார்.

“நாந்தானே பொதைச்சேன், வாங்க” என்று மண்வெட்டியை எடுத்துக்கொண்டு முன்னால் நடந்தார்.