ஆடிப்பெருக்கில் ஒற்றை எஞ்சின்

எஞ்சின் என்னவோ தொண்டை கிழியக் கத்திக்கொண்டுதான் இருந்தது. ஆனால் கரையிலிருந்த கருவேல மரம் வெகு நேரமாக மீனாக்ஷிக்கு நேரேயே நின்றது. முதலில் அவள் அவையெல்லாம் வேறு வேறு மரங்கள் என்று நினைத்தாள். கிளையில் சிக்கியிருந்த சிவப்புத் துணியைப் பார்த்த பிறகுதான் விஷயம் புரிந்தது. யமுனை கீழே தள்ளுகிறது, படகு மேலே முட்டுகிறது, இரண்டுக்கும் சரிக்குச் சரி. நிற்பதுதான் நிற்கிறது, நல்ல இடமாகப் பார்த்து நின்றிருக்கக் கூடாதோ? ஊர்ச் சாக்கடையெல்லாம் திரண்டு வந்து ஆற்றில் விழும் நாலாவின் வாய்க்கு நேர் எதிரே நின்றது. எதிர்ப் பலகையில் இருந்த சர்தார்ஜி தாடியோடு சேர்த்து மூக்கைப் பொத்திக்கொண்டார். அவர் மனைவி துப்பட்டாவை முகத்தில் சுற்றிக்கொண்டு கண்ணை மட்டும் வெளியே விட்டிருந்தாள்.

மீனாக்ஷியின் மடியில் சித்ரான்ன டப்பாக்கள் இருந்தன. அவற்றின் மேல் ஒரு வாழையிலைத் துண்டில் மஞ்சள், பூ, காப்பரிசி, ஐ.என்.ஏ. மார்க்கெட்டில் தேடிப் பிடித்து வாங்கிய காதோலை கருகமணி. கல்யாணமாகி டில்லிக்கு வந்த நாளிலிருந்து அவளுக்கு ஆடிப்பெருக்கு என்றால் கோல் மார்க்கெட் குவார்ட்டர்ஸின் குளியலறைக் குழாய்தான். குழாயைத் திறந்துவிட்டு, அதையே காவேரி என்று நினைத்துக்கொண்டு ஒரு நமஸ்காரம் பண்ணுவாள். அதற்குள் கூடத்திலிருந்து, தண்ணி வீணாப் போறதே என்று குரல் வந்துவிடும். இந்த வருஷம் பண்டிகை ஞாயிற்றுக்கிழமையில் வந்தது. ஓடுகிற ஆற்றில், நாலா கலப்பதற்கு மேலே, நல்ல தண்ணீரில் ஒரே ஒரு தடவை பூவும் மஞ்சளும் விட வேண்டும் என்று கணவரிடம் ஒருமுறை சொன்னாள். அவர் "ம்" என்றார். மறுநாள் படகுக்கு இரண்டு டிக்கெட் வாங்கிக்கொண்டு வந்து சாமி படத்துக்குக் கீழே வைத்தார். அவருடைய இலாகாவின் படகுதான், ஒரு வார்த்தை சொன்னால் சும்மாவே ஏற்றிக்கொள்வார்கள். ஆனால் சேஷன் ஓசியில் ஏறுகிற பிறவி இல்லை.

சேஷனைக் கஞ்சன் என்று சொன்னால் நாக்கு அழுகிவிடும். மனுஷர் சிக்கனம், அவ்வளவுதான். ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்பதை ஊரில் எல்லாரும் சொல்வார்கள், இவர் ஒருவர்தான் நிஜமாகவே ஆற்றில் அளந்தவர். டீசலுக்கு லாரிகள் வரிசை கட்டி நின்ற வருஷம் அது. இரட்டை எஞ்சின் படகுகள் இனி ஒரு எஞ்சினில் மட்டுமே ஓட வேண்டும் என்று உத்தரவு எழுதியவர் அவர்தான். குளிர்காலத்தில் தானே வந்து ஏறிப் பார்த்துவிட்டுத்தான் எழுதினார். அப்போது யமுனை முழங்கால் தண்ணீரில் படுத்துக் கிடந்தது, படகு சமர்த்தாகப் போயிற்று. வீட்டிலும் அதே சட்டம்தான். இரண்டு அடுப்பு காஸ் ஸ்டவ்வில் ஒன்று எரிந்தால் மற்றது எரியக் கூடாது. நம்மாத்திலேயும் ஒத்தை எஞ்சின்தான் என்று மீனாக்ஷி அக்கம்பக்கத்தில் சொல்லிச் சிரிப்பாள். வருத்தமெல்லாம் இல்லை. பேச்சையும் அவர் கொஞ்சம் மிச்சம் பிடிக்கிறார் என்பதுதான் அவள் குறை.

இப்போது அவள் சரிந்த டப்பாக்களை நேராக்கிக்கொண்டாள். ஒருமுறை கேட்டாயிற்று, இனி அவராகப் பார்த்துச் செய்தால் செய்யட்டும். செய்யாவிட்டால் அடுத்த வருஷமும் அதே குழாய் இருக்கவே இருக்கிறது. இப்படி நினைத்தாளே தவிர, மனசு கேட்கவில்லை. இத்தனை தூரம் வந்து சாக்கடையைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டுத் திரும்புவதா என்று அழுகை முட்டியது.

படகோட்டி தர்மன் திருச்செந்தூர்ப் பக்கத்து ஆள். ஒரு எஞ்சினில் போகும்போது படகு ஒரு பக்கமாகவே இழுக்கும். அதற்கு எதிராகச் சக்கரத்தைத் திருப்பிப் பிடித்துப் பிடித்து அவனுக்கு உட்காருவதே கோணலாகிவிட்டது. அவன் தலைக்கு மேலே முருகன் படமும், டீசல் மிச்சம் பிடித்ததற்காக இலாகா கொடுத்த பாராட்டுக் கடிதமும் ஒரே அளவில் கண்ணாடி போட்டுத் தொங்கின. கடிதத்தில் கையெழுத்து சேஷனுடையது. இன்னும் கொஞ்சம் பார்ப்பேன், நகரலேன்னா திருப்பிருவேன் என்று அவன் இந்தியிலும் தமிழிலும் அறிவித்தான்.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த சேஷன் மனைவியின் மடியைப் பார்த்தார். கருவேல மரத்தைப் பார்த்தார். எழுந்து, கம்பியைப் பிடித்துக்கொண்டு தர்மனிடம் போனார்.

"அந்த இன்னொண்ணையும் போட்டுடுப்பா."

"அது எப்படி சார்? உங்க உத்தரவுல்லா."

"நான்தானே சொல்றேன்."

"வாயால சொன்னா ஆவாது சார். எழுதித் தாங்க. காரணமும் போட்டுத் தாங்க, ஆடிட்ல என்னைப் பிடிப்பாங்க."

அவன் நக்கலாகச் சொல்லவில்லை. அந்தக் கண்ணாடிச் சட்டத்துக்கு ஒரு களங்கம் வரக் கூடாது என்று நிஜமாகவே பயந்தான். தம் உத்தரவை இத்தனை பக்தியோடு காப்பாற்றுகிற ஆளைச் சேஷன் அதுவரை பார்த்ததில்லை. கோபம் வரவில்லை, கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது போல.

சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்தார். டிக்கெட்டின் பின்பக்கத்தில் ஒரு வரி எழுதிவிட்டு நின்றார். காரணம் எழுத வேண்டும். வெள்ளம் என்று எழுதிவிடலாம், யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள். ஆனால் வெள்ளம் என்றால் படகைத் திருப்பிக்கொண்டு போவதுதான் முறை, மேலே போவதற்கு அது காரணமாகாது. பொய்க் கணக்கு அவர் கைக்கு வராது. மீனாக்ஷி எழுந்து பின்னால் வந்து எட்டிப் பார்த்தாள். இங்கிலீஷில்தான் எழுதினார். அவளுக்குப் படிக்கத் தெரியும். என் மனைவி நாலாவுக்கு மேலே போக விரும்புகிறாள், டீசல் செலவு என்னைச் சேர்ந்தது. கீழே முழுக் கையெழுத்து, தேதி.

மீனாக்ஷிக்கு வெட்கமாகப் போய்விட்டது. அவள் ஆசை இதுவரை இங்கிலீஷில் ஏறியதில்லை. சந்தோஷம் நெஞ்சு கொள்ளாமல் வந்து, என்ன செய்வதென்று தெரியாமல் டப்பா மூடியை இறுக்கிக்கொண்டாள்.

தர்மன் படித்தான், மடித்தான், பாராட்டுக் கடிதத்தின் சட்டத்துக்குப் பின்னால் செருகினான். மாதக்கணக்கில் தூங்கின இரண்டாவது எஞ்சின் இருமிற்று, கறுப்பாகப் புகை கக்கிற்று, பிறகு பிடித்துக்கொண்டது. கருவேல மரம் மெல்லப் பின்னால் போயிற்று. நாலாவின் கறுப்பு ஒரு கோடு போட்டது போல முடிந்து, அந்தப் பக்கம் பழுப்பு வெள்ளம் சுத்தமாகச் சுழித்துக்கொண்டு வந்தது. தர்மன் இன்றைக்குத்தான் நேராக உட்கார்ந்திருந்தான்.

மீனாக்ஷி குனிந்து இலையை விடும்போது சேஷன் அவள் தலைப்பைக் கையில் சுற்றிக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். மஞ்சள் சரடு கட்டிக்கொள்ள ஒரு பெண் வேண்டுமே என்று பார்த்தால் சர்தாரிணிதான் இருந்தாள். அவள் விஷயம் கேட்டுக்கொண்டு அழகாக முடிச்சுப் போட்டுவிட்டு, எனக்கும் கட்டு என்று கையை நீட்டினாள். புளியஞ்சாதம் படகு முழுக்கப் போயிற்று. சேஷன் அளவு பார்க்காமல் அள்ளி அள்ளி வைத்தார்.

படகு திரும்பியதும் மீனாக்ஷி தர்மனைப் பார்த்துச் சொன்னாள்.

"ஆத்தோட கீழே போறச்சே ஒண்ணு போறும். மத்ததை நிறுத்திடுங்கோ."

சேஷன் அவளை நிமிர்ந்து பார்த்தார். "ம்" என்றார். கொஞ்சம் கழித்து, "புளியஞ்சாதம் நன்னா இருந்தது" என்றும் சொன்னார்.

ஒற்றை எஞ்சின் பேருக்கு முனகியது. தர்மன் மறுபடி கோணலாக உட்கார்ந்தான். படகோடு கூடவே, முன்னாலும் போகாமல் பின்னாலும் தங்காமல், அவள் விட்ட இலை வந்துகொண்டிருந்தது. நாலாவின் கறுப்புக் கோடு நெருங்கியது. இலை ஒருமுறை சுற்றிற்று, கோட்டின் விளிம்பைத் தொட்டது, பிறகு நல்ல தண்ணீர்ப் பக்கமே ஒதுங்கி, கருகமணி மினுங்க, படகை ஒட்டியே மிதந்தது.