ஆலை வாசலில் என் தக்காளி

செம்புச் சுரங்கம் மூடிய வருடம் அமைச்சர் வந்தார். செம்பை மட்டும் விற்றுக்கொண்டிருந்தால் நாடு நொடித்துப் போகும், இனி விவசாயமும் அதைச் சார்ந்த ஆலைகளும்தான் வேலை கொடுக்கும் என்று பேசினார். அமைச்சர் பேச்சை யார் நம்பினார்கள்? நான் நம்பியது என் தம்பியை. சுரங்கத்தில் மேஸ்திரியாக இருந்தவன், தக்காளி விழுது ஆலை வந்ததும் விவசாயிகள் குழுவுக்குத் தலைவனாகிவிட்டான். வாய்ச் சாமர்த்தியம் அவனுக்குப் பிறவியிலேயே உண்டு.

"இன்னும் எத்தனை நாளைக்குச் சோளத்தையே கட்டிக்கிட்டு அழுவே? முதல் அறுவடை தேறினா அஞ்சு வருஷ ஒப்பந்தம்க்கா" என்றான்.

என் கணவருக்குச் சுரங்கத் தூசியில் நுரையீரல் போய்விட்டது. வீட்டில் சம்பாதிக்க வேறு ஆள் இல்லை. அந்த ஒப்பந்தத்தை நம்பி மூன்று ஏக்கரிலும் தக்காளி நட்டேன்.

ஆலையின் பயிற்சிக்குக் குழுத்தலைவர்களை மட்டும்தான் கூப்பிட்டார்கள். அங்கே கேட்டதை அவர்கள் வந்து மற்றவர்களுக்குச் சொல்ல வேண்டும். பறிப்புக்கு மூன்று நாள் இருக்கும்போது தம்பி என் வரப்பில் வந்து நின்றான்.

"நல்லா தண்ணி பாய்ச்சுக்கா. காய் கனமா இருந்தா எடை நிக்கும்."

சந்தைக்குக் காய் ஏற்றுகிற எல்லாரும் செய்வதுதானே! இரண்டு நாள் வாய்க்காலை விட்டு நகராமல் பாய்ச்சினேன். காய்கள் பளபளவென்று பூரித்து நின்றன. பைத்தியக்காரி, பெருமைப்பட்டுக்கொண்டேன்.

ஆலை வாசலில் சோதிக்கிற பெண் ஒரு பழத்தைப் பிழிந்து, சாற்றில் ஒரு சொட்டைக் கருவியின் கண்ணாடியில் விட்டு, ஒற்றைக் கண்ணால் பார்த்தாள்.

"சாறோட கெட்டி அஞ்சு இருக்கணும். மூணரைதான் இருக்கு. சாறு நீர்த்துப் போச்சும்மா, இதுல விழுது எடுக்க முடியாது. பறிக்கிறதுக்குப் பத்து நாள் முன்னாலயே தண்ணிய நிறுத்தணும்னு உங்க தலைவர் சொல்லலையா?"

தம்பியின் லாரி அப்போதுதான் சோதனையில் தேறி உள்ளே போனது. ஓடிப்போய், லாரியிலிருந்து இறங்கியவன் சட்டையைப் பிடித்தேன்.

அவன் பதறவில்லை. கையை மெதுவாக விலக்கிவிட்டு, குரலைத் தாழ்த்திச் சொன்னான்.

"நம்ம குழுவுல பதினோரு பேரு. பத்துப் பேருக்குத்தான் ஒப்பந்தம். என் நிலத்துல விளைச்சல் கம்மின்னு உனக்கே தெரியும், நான்தான் கழிஞ்சிருப்பேன். வேற யாருக்காவது மாத்திச் சொல்லியிருந்தா என்னை வெட்டியே போட்டிருப்பாங்க. நீன்னா பொறுத்துப்பேன்னு நினைச்சேன்."

கோபத்தில் செய்தானென்றால்கூட மனசு ஆறியிருக்கும். என் பாசத்தை எடைபோட்டுப் பார்த்துவிட்டுச் செய்திருக்கிறான்.

சோதிக்கிற பெண் ஒரு படிவத்தை நீட்டினாள். சரக்கைத் திருப்பியதற்குத் தலைவர் காரணம் எழுத வேண்டும், விவசாயி கையெழுத்துப் போட வேண்டும். இல்லாவிட்டால் வண்டி வெளியே போகாது. அவன் எழுதினான்: 'தண்ணீரை நிறுத்தச் சொல்லியும் கேட்கவில்லை.'

"இது பொய்டா" என்று கத்தினேன். வரிசையில் நின்ற எங்கள் குழுவினர் திரும்பிப் பார்த்தார்கள். பிறகு தங்கள் கூடைகளைப் பார்க்கத் திரும்பிக்கொண்டார்கள். அவர்கள் அந்தப் பத்துப் பேரில் இருந்தார்கள்.

உச்சி வெயில். அடிக்கூடைகள் நசுங்கி, வண்டியிலிருந்து சாறு ஒழுகத் தொடங்கியிருந்தது. உடனே சந்தைக்குப் போனால்தான் பாதியாவது மிஞ்சும்.

கையெழுத்துப் போட்டேன்.

"வெயில்ல நிக்காதே, வீட்டுக்குப் போக்கா" என்றான் என் தம்பி.