சரிபார்த்தவர்: இளவேனில்

இரண்டு நாள் விடுப்பு முடிந்து புதன்கிழமை காலை அலுவலகத்துக்கு வந்த இளவேனில், தான் செய்யாத வேலையில் தன் பெயரைப் பார்த்தாள்.

கோட்டுச்சேரியில் ஒரு பள்ளிக்கூடம் கட்டவிருந்த உள்விளையாட்டு அரங்கம். அதன் இரும்புக் கூரைக்கான கணக்கு, நூற்றுப் பன்னிரண்டு பக்கம், அவள் மேசைமேல் கிடந்தது. பக்கத்துக்குப் பக்கம் பச்சை நிறத்தில் டிக். ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் 'சரிபார்த்தவர்: இளவேனில், எம்.இ.' என்று எடுப்பாக அச்சாகியிருந்தது. தேதி, திங்கட்கிழமை. திங்கட்கிழமை முழுக்க அவள் சுரக்குடியில் வீட்டில் இருந்தாள். அப்பாவுக்குக் கண்புரை அறுவை முடிந்து, மணிக்கொரு தடவை சொட்டு மருந்து விட்டுக்கொண்டிருந்தாள்.

"அஷ்வின், இது யார் பண்ணது?"

அடுத்த மேசையில் இருந்த அஷ்வினும் அவளும் ஒரே வருடம் வேலைக்குச் சேர்ந்தவர்கள். எட்டு வருடமாக இதே அறை, இதே ஜன்னல்.

"நான்தாங்க ரன் பண்ணேன். டிசைன் சாஃப்ட்வேர்ல புது வெர்ஷன் வந்திருக்குல்ல, ஞாயித்துக்கிழம அப்டேட் ஆயிடுச்சு. உடனே ஸ்கூல் ஜாப்ப அதுல போட்டுப் பாருன்னு சார் சொன்னாரு."

"என் பேரு எப்படி வந்துச்சு?"

"அதுவா எடுத்துக்குது. சரிபாக்குறவங்கன்னு லைசென்ஸ்ல உங்க பேருதானே இருக்கு. ரிப்போர்ட் அடிக்கிறப்ப அதுவே போட்டுடும். புது வசதியாம்."

"யாருக்கு வசதி?"

இளவேனில் கடைசிப் பக்கத்தைப் புரட்டினாள். மொத்த இரும்பு முப்பத்தொரு டன். போன மாதம் அதே கூரையை அவளே கணக்குப் போட்டு, முப்பத்தெட்டு டன் என்று முடித்திருந்தாள். அதே அரங்கம், அதே காற்று, அதே கடற்கரை. ஒரு ஞாயிற்றுக்கிழமையில் ஏழு டன் எங்கே போகும்?

மதியச் சாப்பாட்டை மறந்து தேடினாள். பளுவில் மாற்றம் இல்லை. காற்றின் வேகத்தில் மாற்றம் இல்லை. மூன்று மணி வாக்கில், மென்பொருளில் யாரும் திறந்து பார்க்காத ஒரு செட்டிங்ஸ் பக்கத்தில் அது அகப்பட்டது. ராஃப்டரின், அதாவது கூரையைத் தாங்கும் பெரிய உத்தரத்தின், கீழ் விளிம்பு பக்கவாட்டில் நகராதபடி பிடிக்கப்பட்டிருப்பதாக வைத்துக்கொள்ளவும் என்று ஒரு கட்டம். பழைய வெர்ஷனில் அது காலியாக இருக்கும். புதியதில் டிக் போட்டே வந்திருந்தது.

புயல்காற்று கூரையைக் கீழே அழுத்துவதில்லை, மேலே பிடுங்குகிறது. அப்படிப் பிடுங்கும்போது உத்தரத்தின் கீழ் விளிம்பு நெருக்கப்பட்டுப் பக்கவாட்டில் நெளியப் பார்க்கும். நெளியாமல் இருக்க, ஃப்ளை பிரேஸ் என்று இரண்டு முழ நீள ஆங்கிள் இரும்புத் துண்டுகளைச் சாய்வாக வைத்து அதைக் கட்டவேண்டும். துண்டுகள் இருந்தால் உத்தரம் மெலிதாக இருந்தாலும் நிற்கும். மெலிதாக்கும் வேலையை மென்பொருள் செய்துவிட்டது. துண்டுகளை வரைபடத்தில் யாரும் வரையவில்லை. கஜா புயலுக்கு மறுநாள், பூ கட்டும் நாரைப்போல முறுக்கிக்கொண்டு கிடந்த ஒரு கிடங்கின் உத்தரத்தை அவள் நேரில் பார்த்திருக்கிறாள்.

மென்பொருள் கம்பெனியின் உதவி எண்ணுக்கு அடித்தாள். இருபது நிமிடம் இசை கேட்டபிறகு ஒரு குரல் வந்தது.

"ரிலீஸ் நோட்ஸ்ல இருக்கு மேடம். அறுபத்து நாலாம் பக்கம். பிரேஸ் குடுக்க வேண்டியது யூசரோட பொறுப்பு."

"டிக் போட்டது நீங்க. பொறுப்பு மட்டும் எங்களுதா?"

"நிறைய கஸ்டமர் கேட்ட வசதி மேடம் இது. வெயிட் குறையுதுல்ல?"

அவள் போனை வைத்துவிட்டு நேரே முதலாளி அறைக்குப் போனாள்.

சிங்காரவேலன் பிரெஞ்சுக் குடியுரிமை உள்ளவர். லியோன் பக்கம் ஒரு கட்டுமானக் கம்பெனியில் இருபத்தைந்து வருடம் இருந்துவிட்டு, ஊர் திரும்பி இந்த அலுவலகத்தைத் தொடங்கினார். கெட்டவர் இல்லை. தீபாவளிக்கும், நோயல் என்று அவர் சொல்லும் கிறிஸ்துமஸுக்கும் எல்லார் வீட்டுக்கும் கேக் அனுப்புகிறவர். ஆனால் புதிதாக எது வந்தாலும் அது நம்மைவிடப் புத்திசாலி என்று நம்புகிறவர்.

இளவேனில் எல்லாவற்றையும் சொன்னாள். அவர் கேட்டுக்கொண்டார்.

"நாப்பது தேசத்துல இந்த சாஃப்ட்வேர வச்சிருக்கான். அவனுக்குத் தெரியாததா உனக்குத் தெரியப் போவுது?"

"அவங்களுக்குத் தெரியும் சார். அறுபத்து நாலாம் பக்கத்துல எழுதியிருக்காங்க. நமக்குத்தான் தெரியல. டிராயிங்க நிறுத்துங்க."

"வொர்க்‌ஷாப்புக்குப் போயாச்சு. ஏழு டன் குறைச்சுட்டோம்னு ஸ்கூல் மதாமுக்கு லெட்டரும் போயாச்சு. ரெண்டு நாள்ல மாத்திச் சொன்னா நம்மள என்னன்னு நினைப்பாங்க?" கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நீ போட்டது முப்பத்தெட்டு. அது ஜாஸ்தின்னு ஆயிடுச்சேன்னு உனக்கு வருத்தம். எனக்குப் புரியுது."

அவளுக்கு முகம் சிவந்தது. ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் அவர் சமாதானமாகக் கையைக் காட்டினார்.

"சரி, உன் பேரு இருக்கறதுதான் பிரச்சினைன்னா எடுத்துடலாம்மா. அஷ்வின் பேரப் போட்டுக்கறேன். ஆச்சா?"

கதவு திறந்துதான் இருந்தது. வெளியே அஷ்வின் திரையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

பெயரை எடுத்துவிட்டால் கூரை நிற்குமா? அடியில் நாளைக்கு பாட்மிண்டன் ஆடப்போகும் பிள்ளைகளுக்கு எந்தப் பெயர் அச்சானால் என்ன? எட்டு வருடம் கூட வேலை பார்த்த மனிதர், கூரையைப் பற்றிச் சொன்னால் தன்னைப் பற்றிச் சொல்கிறாள் என்று எடுத்துக்கொண்டாரே என்பதுதான் அவளுக்குத் தாங்கவில்லை.

"பேரு பிரச்சினை இல்ல சார். கூரைதான் பிரச்சினை," என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தாள்.

உட்கார்ந்து கணக்குப் போட்டாள். கோபத்தில் போட்ட கணக்கு என்பதால் இரண்டு தடவை போட்டாள். விடை வந்தபோது கோபம் இன்னும் ஏறியது. தொண்ணூற்றாறு ஆங்கிள் துண்டுகள். எல்லாம் சேர்த்து அறுநூறு கிலோகூட வரவில்லை. அதைச் சேர்த்துவிட்டால் அந்த முப்பத்தொரு டன் கூரையே போதும். அவளுடைய முப்பத்தெட்டு கொஞ்சம் அதிகம்தான். இவ்வளவுதான் விஷயம். இதைக் கேட்கக்கூட ஒரு மனிதருக்குப் பொறுமை இல்லை.

தாளை எடுத்துக்கொண்டு போனபோது சிங்காரவேலன் பாண்டிச்சேரிக்குக் கிளம்பியிருந்தார். போன் எடுக்கவில்லை. பட்டறைக்காரர் தமீம் அன்சாரிக்கு அடித்தாள்.

"வெள்ளிக்கிழம ஜும்ஆ முடிஞ்சதும் வெட்ட ஆரம்பிக்கிறோம் மேடம். சார் சொல்லாம டிராயிங்ல இல்லாதத ஒரு துண்டுகூட நான் வெட்ட முடியாது. நாளைக்கு என்னயத்தானே கேப்பாங்க?"

அவர் சொன்னதில் தப்பில்லை. அவரவர் பொறுப்பை அவரவர் வைத்திருந்தார்கள். கூரையின் பொறுப்புதான் யாரிடமும் இல்லை.

மறுநாள் காலை பஸ் பிடித்துக் கோட்டுச்சேரிக்குப் போனாள். வேலை போனாலும் போகட்டும் என்று வழியிலேயே முடிவு செய்திருந்தாள்.

பள்ளியின் நிர்வாகி மத்லேன் அறுபத்தைந்து வயதுக்காரர். ஊரில் எல்லாருக்கும் அவர் மதாம். இளவேனில் நீட்டிய தாளை வாங்கி, கேள்வி கேட்காமல் கடைசிவரை படித்தார்.

"இந்தத் துண்டு இல்லாம கட்டினா விழுந்துடுமா?"

"சாதாரண நாள்ல விழாது மதாம். பெரிய காத்து அடிக்கற அன்னிக்கு எனக்கு நம்பிக்கை இல்ல."

"பெரிய காத்து அடிக்கற அன்னிக்குத்தான் இந்தத் தெரு முழுக்க எங்க ஸ்கூல்ல வந்து படுக்கும்." மதாம் மேசை இழுப்பறையிலிருந்து சிங்காரவேலனின் கடிதத்தை எடுத்துத் தாளின் பக்கத்தில் வைத்தார். "ஏழு டன் குறைச்சோம்னு ரெண்டு இடத்துல எழுதியிருக்கான். எத எடுத்துட்டுக் குறைச்சோம்னு ஒரு எடத்துலகூட எழுதல பாத்தியா."

பிறகு போனை எடுத்தார். அவர் அழைப்பை சிங்காரவேலன் இரண்டாவது மணியிலேயே எடுத்துவிட்டார்.

"வேலு, மத்லேன் பேசறேன். உங்க ஆபீஸ் பொண்ணு எதிர்ல உக்காந்திருக்கு. இல்ல, நீ அது மேல கோவப்படாத, நான் முடிச்சுடறேன். நீ சேமிச்சுக் குடுத்தது எனக்கு வேணாம். அந்தத் தொண்ணூத்தாறும் இல்லாம ஒரு இரும்பு என் வாசலுக்குள்ள வரக்கூடாது. கணக்கு போட்டது யாரோ அவங்க கைல கையெழுத்து வாங்கிக் குடு. மெஷின் கையெழுத்து எனக்கு வேணாம்."

எதிர்முனையில் என்ன சொன்னார் என்று இளவேனிலுக்குக் கேட்கவில்லை. மதாம் பிரெஞ்சில் 'போன்', அதாவது சரி, என்று சொல்லி வைத்துவிட்டு, "காப்பி சாப்பிடறியாம்மா?" என்றார்.

வெள்ளிக்கிழமை காலையிலேயே திருத்திய வரைபடம் பட்டறைக்குப் போனது. அஷ்வின்தான் வரைந்தான். ஒவ்வொரு துண்டையும் வரைந்து, எண்ணி, பட்டியலில் ஏற்றினான். அவள் பேனாவால் கையெழுத்துப் போட்டாள்.

"அன்னிக்கு என் பேரப் போட்டுக்கலாம்னு சொன்னப்ப நான் வாயத் தொறந்திருக்கணுங்க," என்றான் அஷ்வின், அவளைப் பார்க்காமல்.

"தொறந்திருக்கணும்தான்," என்றாள். அது சின்ன விஷயம் என்று சொல்லி அவனைத் தேற்ற அவளுக்கு மனம் வரவில்லை.

சிங்காரவேலன் திங்கட்கிழமை வந்தார். அவளைத் தாண்டி உள்ளே போனார். அரை மணி கழித்துக் கூப்பிட்டார். பழையபடி சிரித்த முகம்.

"நான் எதையும் மனசுல வச்சுக்கல. உனக்குப் பிடிக்காத அந்த வசதிய நானே செட்டிங்ஸ்ல போயி ஆஃப் பண்ணிட்டேன். இனிமே தானா உன் பேரு வராது. சந்தோஷம்தானே?"

"கீழ் விளிம்பு பிடிச்சிருக்குன்னு ஒரு டிக் இருந்துச்சே சார், அது?"

"எந்த டிக்?"

இளவேனில் மேசையைச் சுற்றிக்கொண்டு அவர் கணினிப் பக்கம் போனாள்.

"கொஞ்சம் எந்திரிங்க சார்," என்றாள்.

அவர் அவள் முகத்தைப் பார்த்தார். எழுந்து நின்று நாற்காலியை விட்டார்.